வரலாற்று மேதைகளின் ஐ.க்யூ.வைக் கணிப்பது எப்படி? ஆதாரம் திரட்டுவது முதல் எண் எழுதுவது வரை

கதே 210, லைப்னிட்ஸ் 205, நியூட்டன் 190. இந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது பகிர்ந்து கண்ணில் பட்டுவிடும். கதே இறந்தது 1832இல். பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டது 1905இல். அப்படியானால் எண் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லூயிஸ் டெர்மனிடம் ஆய்வு செய்த கேதரின் காக்ஸ், 1926இல் 301 மேதைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். எல்லாரும் 1450க்கும் 1850க்கும் இடையில் பிறந்தவர்கள். ஒவ்வொருவரின் இளமைக்காலக் குறிப்புகளையும் கோப்பாகத் திரட்டி, உளவியலாளர்களிடம் கொடுத்து, இரண்டு மதிப்பீடுகள் வாங்கினார். 17 வயது வரையிலான ஆதாரத்துக்கு ஒன்று, 17 முதல் 26 வரைக்கு இன்னொன்று. இணையத்தில் சுற்றும் எண்களில் பாதிக்கு மேல் இதன் பேரப்பிள்ளைகள்.

அந்த முறையின் எலும்புக்கூடு இன்றும் பயன்படும். ஆனால் அதன் ஓட்டைகளை அடைத்துக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும். கிடைக்கும் எண்ணில் ஒரு பகுதிதான் அந்த ஆளைப் பற்றியது. இன்னொரு பகுதி, அவர் சிறுவனாக இருந்தபோது யார் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வைத்தார்கள் என்பதைப் பற்றியது. இரண்டையும் முடிந்த மட்டும் பிரிப்பதே இங்கே வேலை.

தேவையானவை: அந்த ஆளைப் பற்றிய ஆதாரக்குறிப்புகளுடன் கூடிய இரண்டு வாழ்க்கை வரலாறுகள், கடிதத் தொகுப்பு ஒன்று, அவர் படித்த பள்ளியில் அந்தக் காலத்தில் எந்த வயதில் எதைக் கற்பித்தார்கள் என்ற விவரம், ஒரு விரிதாள், தனித்தனியாக மதிப்பிட மூன்று பேராவது.

படி 1: எந்த அளவுகோல் என்று முதலில் எழுதிவைக்கவும்

ஐ.க்யூ. என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு அளவுகள் உண்டு. இவற்றைக் கலப்பதுதான் இந்தத் துறையின் முதல் குழப்பம்.

பழையது விகித ஐ.க்யூ. 1912இல் வில்லியம் ஸ்டெர்ன் சொன்ன யோசனை: மன வயதை உண்மை வயதால் வகுக்க வேண்டும். டெர்மன் 1916இல் அதை 100ஆல் பெருக்கினார். ஐந்து வயதுப் பிள்ளை எட்டு வயதுப் பிள்ளையின் வேலையைச் செய்தால் 8 ÷ 5 × 100 = 160. குழந்தைகளுக்கு இது ஓரளவு ஓடும். பெரியவர்களுக்கு ஓடாது. நாற்பது வயதுக்காரருக்கு எண்பது வயது மூளை என்று சொல்வதில் என்ன பொருள்? அதனால் டெர்மனின் 1916 ஸ்டான்ஃபோர்ட்-பினே சோதனையில் பெரியவர் யாராக இருந்தாலும் 16ஆல் வகுத்தார்கள்.

புதியது விலக்க ஐ.க்யூ. டேவிட் வெக்ஸ்லர் 1939இல் கொண்டுவந்தது. ஒருவர் தன் வயதுக்காரர்களின் நடுவே எந்த இடத்தில் நிற்கிறார் என்பதே கணக்கு. சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 15. இன்றைய சோதனைகள் எல்லாம் இந்த வகைதான்.

காக்ஸின் எண்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றை இன்றைய எண்ணோடு பக்கத்தில் வைத்தால் ஏமாறுவோம். 1937ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட்-பினே சோதனையில் விகித ஐ.க்யூ.வின் திட்ட விலக்கம் ஆறு வயதில் சுமார் 12.5, பன்னிரண்டு வயதில் சுமார் 20. அதாவது ஆறு வயதில் 140 வாங்குபவர் சுமார் 1,450 பேரில் ஒருவர். பன்னிரண்டு வயதில் அதே 140 வாங்குபவர் 44 பேரில் ஒருவர். எண் ஒன்று, அபூர்வம் வேறு. இதனால் விரிதாளின் தலையில் ‘விகிதம்’ அல்லது ‘விலக்கம், 15’ என்று எழுதாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: வயதைச் சரிபார்க்கவும், மாதக்கணக்கில்

சூத்திரத்தில் வகுக்கும் எண் வயது. அதில் ஒரு வருடம் பிசகினால் விடையில் முப்பது நாற்பது புள்ளிகள் போய்விடும். குழந்தை மேதைகள் விஷயத்தில் இந்தப் பிசகு தற்செயலானது அல்ல. வீட்டில் யாரோ வேண்டுமென்றே செய்தது.

பீத்தோவனின் தந்தை 1778 மார்ச் 26 அன்று கொலோனில் நடத்திய கச்சேரிக்கு அடித்த விளம்பரத்தில் ‘ஆறு வயது மகன்’ என்று போட்டார். பையனுக்கு அப்போது ஏழு. மோட்சார்ட்டின் தந்தையும் லண்டன் விளம்பரங்களில் மகனுக்கு ஒரு வயதைக் குறைத்தார். டிக்கெட் விற்க வேண்டுமே. விளம்பரம், பாராட்டுக் கவிதை, அதை நம்பி எழுதிய பத்திரிகைக் குறிப்பு ஆகிய மூன்றிலும் வரும் வயதை ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது.

நாள்காட்டிச் சிக்கலும் உண்டு. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. நியூட்டன் பிறந்தது அவர்கள் கணக்கில் 1642 டிசம்பர் 25, நம் கணக்கில் 1643 ஜனவரி 4. அக்கால ஆவணத்தில் ‘1665 பிப்ரவரி’ என்றிருந்தால் அது பெரும்பாலும் நமக்கு 1666. பத்து நாள் வித்தியாசம் பொருட்டில்லை. இந்த ஒரு வருட வித்தியாசம் பொருட்டு.

வயதை ‘4’, ‘9’ என்று முழு எண்ணாக எழுதாமல் 59 மாதம், 112 மாதம் என்று எழுதவும். ஏன் என்பது படி 5இல் தெரியும்.

படி 3: ஆதாரத் தாளை நிரப்பவும்

ஒரு சாதனைக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டங்கள்: என்ன செய்தார், எத்தனை மாத வயதில், யார் எழுதியது, சம்பவம் நடந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதியது, எழுதியவர் நேரில் பார்த்தாரா, கற்றுக்கொடுத்தவர் யார்.

கடைசிக் கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுவார்கள். பெரும் தவறு. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் காக்ஸின் பட்டியலில் 17 வயது வரைக்கான மதிப்பீட்டில் எல்லாரையும் விட உயரே நிற்கிறார்: 190. தந்தை ஜேம்ஸ் மில், மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தன் மேசையிலேயே உட்கார வைத்து, தான் எழுதிக்கொண்டே கற்பித்தவர். கிரேக்கச் சொற்களுக்கு அட்டைகள் எழுதிக் கொடுத்தார். எட்டு வயதில் லத்தீன், அதற்குள் ஹெரோடோட்டஸ் முழுவதும். நாள் முழுக்கத் தனி ஆசிரியர் வாய்த்த பிள்ளையின் ‘மன வயதை’, அறுபது பேர் வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்த பிள்ளையின் மன வயதோடு எப்படி ஒப்பிடுவது? கற்ற பாடம் வேறு, கற்கும் திறன் வேறு. கட்டத்தில் ‘தந்தை, தினமும்’ என்று எழுதியிருந்தால், மதிப்பிடுபவர் கொஞ்சம் கையைப் பிடித்துக்கொள்வார்.

படி 4: ஒவ்வொரு வரிக்கும் எடை கொடுக்கவும்

எல்லா ஆதாரமும் ஒரே தரம் இல்லை. நடைமுறைக்கு ஒத்துவரும் எடை முறை இது. நுணுக்கமாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மதிப்பிடத் தொடங்கிய பிறகு மாற்றக் கூடாது.

- சிறுவன் தன் கையால் எழுதிய, தேதியிட்ட தாள்: 1.0
- நேரில் சோதித்த வெளியாள் சில ஆண்டுகளுக்குள் எழுதிய அறிக்கை: 0.9
- பெற்றோர், ஆசிரியர் அக்காலத்திலேயே எழுதிய கடிதம், பள்ளிப் பதிவேடு: 0.7
- அவரே முதுமையில் எழுதிய சுயசரிதை: 0.4
- இறந்த பிறகு நண்பரோ உறவினரோ சொன்ன கதை: 0.2
- மூலம் தெரியாத கதை: 0

இரண்டாவது வகைக்கு அருமையான எடுத்துக்காட்டு டெய்ன்ஸ் பாரிங்டன். 1765இல் லண்டனில் சிறுவன் மோட்சார்ட்டைச் சந்தித்து, அவன் அதுவரை பார்த்திராத ஐந்து பகுதிகள் கொண்ட கையெழுத்து இசைத்தாளை முன்னே வைத்து வாசிக்கச் சொன்னார். பிறகு காதல் பாட்டு ஒன்று, கோபப் பாட்டு ஒன்று அங்கேயே கட்டச் சொன்னார். வயதில் சந்தேகம் வந்து சால்ஸ்பர்க்கிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவழைத்துவிட்டுத்தான் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை கொடுத்தார். அது சொசைட்டியின் 1770ஆம் ஆண்டுக்கான இதழில் அச்சானது. செல்லப்பூனை ஒன்று அறைக்குள் வந்ததும் பையன் ஹார்ப்சிகார்டை விட்டு ஓடிவிட்டான், நெடுநேரம் திரும்பி வரவில்லை என்பதையும், ஒரு குச்சியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு குதிரை ஓட்டினான் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். சாட்சி இப்படி இருக்க வேண்டும். (ஆனால் அவர் சோதித்தது இசை. அதை ஐ.க்யூ.வாக மாற்றுவது தனிச் சிக்கல்.)

கடைசி வகைகளுக்கு எடுத்துக்காட்டு, கணித மேதை காவுஸ். ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டச் சொன்னார் ஆசிரியர், சிறுவன் நொடியில் 5,050 என்றான் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதன் மூலம், காவுஸ் 1855இல் இறந்த மறு வருடம் சார்டோரியஸ் எழுதிய நினைவுநூல். அதில் ஒரு கூட்டுத்தொடர் என்று மட்டும் இருக்கிறது. ஒன்று முதல் நூறு என்ற கணக்கே இல்லை. சிறுவன் பலகையை மேசையில் போட்டு ‘இதோ கிடக்கிறது’ என்று ஊர்ப்பேச்சில் சொன்னது இருக்கிறது. நூறு பின்னால் யாரோ ஒட்டியது. கதை பெரும்பாலும் காவுஸே முதுமையில் சொன்னதுதான், ஆனால் நம் கைக்கு வந்தது இன்னொருவர் வழியாக, எழுபது ஆண்டு கழித்து. 0.2 கொடுத்தால் போதும்.

மில்லின் கிரேக்கமும் இதே சோதனைக்கு உட்பட வேண்டும். மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கினார் என்பதை எல்லாரும் அவர் வாக்குமூலமாக மேற்கோள் காட்டுவார்கள். சுயசரிதையில் அவர் எழுதியிருப்பது, தொடங்கிய நாள் எனக்கு நினைவில்லை, மூன்று வயது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பது. 0.4ஐ 0.3 ஆக்கலாம்.

படி 5: மன வயது கொடுக்கவும். கால்டன் கடிதத்தை எடுத்துக்கொள்வோம்

முறையை விளக்க ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டனை விட நல்ல ஆள் இல்லை. டெர்மன் 1917இல் இவருடைய குழந்தைப்பருவ ஐ.க்யூ. 200ஐ ஒட்டி இருந்திருக்கும் என்று எழுதினார். காக்ஸின் ஆய்வுக்கு விதை அந்தக் கட்டுரைதான். அதன் முக்கிய ஆதாரம் சிறுவன் கால்டன் அக்கா அடேலுக்கு எழுதிய கடிதம். அதில் இருப்பது இவ்வளவு: எனக்கு நான்கு வயது. எந்த ஆங்கிலப் புத்தகத்தையும் படிப்பேன். லத்தீன் பெயர்ச்சொல், பெயரடை, செய்வினை வினைச்சொற்கள் எல்லாம் சொல்வேன், லத்தீன் கவிதை 52 வரி தெரியும். எந்தக் கூட்டல் கணக்கும் போடுவேன், 2, 3, 4, 5, 6, 7, 8, 10 ஆகியவற்றால் பெருக்குவேன். பிரெஞ்சு கொஞ்சம் படிப்பேன், கடிகாரம் பார்க்கத் தெரியும்.

வரிசையில் 9 இல்லை, கவனித்தீர்களா? முதலில் 9, 11 இரண்டையும் எழுதியிருந்தான். அதிகமாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியிருக்கிறது போலும். ஒன்றைக் கத்தியால் சுரண்டி, இன்னொன்றின் மேல் காகிதத்தை ஒட்டிவிட்டான். தன்னைத் தானே திருத்தும் இந்த ஒட்டுத்தாள், 52 வரி லத்தீனை விடப் பெரிய சான்று.

இப்போது தேதி. கடிதத்தில் 1827 பிப்ரவரி 15. கால்டன் பிறந்தது 1822 பிப்ரவரி 16. மறுநாள் ஐந்து முடிகிறது! ‘நான்கு வயது’ என்றது பொய்யில்லை, ஆனால் நம் தாளில் 60 மாதம் என்றுதான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு திறனுக்கும், அக்காலத்தில் அதே மாதிரி வீட்டில் வளர்ந்த சராசரிப் பிள்ளை எத்தனை மாதத்தில் அதைச் செய்திருக்கும் என்று கேட்கவும். இன்றைய பாடத்திட்டத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. ஆங்கிலம் சரளமாகப் படிப்பது: 96 மாதம். வாய்ப்பாடும் கூட்டலும்: 96. கடிகாரம்: 84. லத்தீனையும் பிரெஞ்சையும் விட்டுவிடுவோம், ஏனென்றால் முதுகுத்தண்டுக் கோளாறால் படுக்கையிலேயே கிடந்த அடேல் அக்காவின் முழுநேர வேலையே இந்தத் தம்பிக்குப் பாடம் சொல்வதாக இருந்தது. சொல்லிக்கொடுத்தால் மனப்பாடமாகும் விஷயத்துக்கு மன வயது கொடுக்க முடியாது.

சராசரி: (96 + 96 + 84) ÷ 3 = 92 மாதம்.

படி 6: வகுத்துப் பார்க்கவும்

92 ÷ 60 × 100 = 153.

‘நான்கு வயது’ என்பதை அப்படியே 48 மாதம் என்று வைத்திருந்தால் 192. அதோடு மூன்று திறன்களையும் எட்டு வயது என்று தாராளமாகக் கொடுத்திருந்தால் 96 ÷ 48, சரியாக 200. ஒரே கடிதம், ஒரே பையன். 47 புள்ளி வித்தியாசம் முழுக்க நம் கையில் இருந்தது.

படி 7: நம்பகத்தன்மைக்குத் திருத்தவும். அதிகம் சறுக்கும் இடம் இதுதான்

ஒரு மதிப்பீட்டின் நம்பகத்தன்மை குறைவு என்றால், அதைச் சராசரியை நோக்கி இழுக்க வேண்டும். சூத்திரம் எளிது:

திருத்திய எண் = 100 + நம்பகத்தன்மை × (கிடைத்த எண் − 100)

நம்பகத்தன்மை 0க்கும் 1க்கும் இடையில். படி 4இல் கொடுத்த எடைகளின் சராசரியைத் தொடக்கப்புள்ளியாக எடுத்து, ஆதாரம் ஒன்றிரண்டு வரிகள்தான் என்றால் இன்னும் குறைக்கவும். கால்டன் கடிதம் எடை 1.0 கொண்டது, ஆனால் ஒற்றை ஆவணம், 0.7 வைப்போம். 100 + 0.7 × 53 = 137.

பிழை எல்லையும் வேண்டும். 15ஐ, (1 − 0.7) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 8.2. அதன் இரு மடங்கு சுமார் 16. ஆக, கால்டன் 121 முதல் 153 வரை, நடுவில் 137. திட்ட விலக்கத்தை 15 என்று எடுத்ததே ஒரு சமரசம் என்பதையும் அடிக்குறிப்பில் சொல்லிவிடவும்.

காக்ஸும் திருத்தினார், ஆனால் எதிர்த்திசையில். ஆதாரம் குறைவாக இருப்பதால் உண்மையான திறமை வெளியே தெரியாமல் போயிருக்கும், எனவே கூட்ட வேண்டும் என்பது அவர் வாதம். அதனால்தான் 17–26 வயதுக்கான மதிப்பீட்டில் நியூட்டனின் 170 திருத்தத்துக்குப் பின் 190 ஆனது. கதேயின் 200, 210 ஆனது. பட்டியல்களில் சுற்றுவது இந்த ஏற்றப்பட்ட எண்கள்.

அவர் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. மேதை என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவரைப் பொதுமக்களின் சராசரியான 100ஐ நோக்கி இழுப்பதும் நியாயமில்லை. மேதைகளின் சராசரியை நோக்கி இழுக்கலாம். சரி, மேதைகளின் சராசரி என்ன? அதையும் இதே கோப்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். காக்ஸின் திருத்தாத சராசரிகள், 17 வயது வரைக்கு 135, அதன்பின் 145. பாம்பு தன் வாலைத் தானே விழுங்குகிறது. அப்படிச் செய்தாலும் நியூட்டனின் 170, 145ஐ நோக்கி இறங்க வேண்டுமே தவிர, 190க்கு ஏறுவதற்கு வழியே இல்லை. ஆகவே இரண்டு வரியாக எழுதுவது உத்தமம்: 100ஐ நோக்கி இழுத்தால் இவ்வளவு, 135ஐ நோக்கி இழுத்தால் இவ்வளவு. கால்டனுக்கு இரண்டாவது கணக்கு 135 + 0.7 × 18 = 148.

படி 8: அபூர்வக் கணக்கில் சரிபார்க்கவும்

விலக்க அளவில் எண்ணை எழுதியதும், அது எத்தனை பேரில் ஒருவர் என்று பார்க்கவும். திட்ட விலக்கம் 15 என்றால் 130 என்பது 44 பேரில் ஒருவர். 145 சுமார் 740 பேரில் ஒருவர். 160 சுமார் 31,500 பேரில் ஒருவர். 175 என்றால் 35 லட்சத்தில் ஒருவர். 190, நூறு கோடியில் ஒருவர். 200 என்பது சுமார் 7,600 கோடியில் ஒருவர்; இன்று பூமியில் இருப்பது 800 கோடிச் சொச்சம் பேர். விலக்க ஐ.க்யூ. 200 என்று யாராவது எழுதியிருந்தால், அது அளவீடு இல்லை, மரியாதை.

சோதனைகளின் உச்சவரம்பும் நினைவிருக்கட்டும். பெரியவர்களுக்கான வெக்ஸ்லர் சோதனையின் நான்காம் பதிப்பு 160க்கு மேல் தருவதில்லை. அதன் தரப்படுத்தலில், அதாவது சராசரியை நிர்ணயிக்க முதலில் சோதித்த கூட்டத்தில், பங்கேற்றவர்கள் 2,200 பேர். 31,500 பேரில் ஒருவராக வரும் ஆள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பே குறைவு. ஐன்ஸ்டைனுக்கு 160 என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அவர் எந்தச் சோதனையும் எழுதியதாகப் பதிவில்லை. உச்சவரம்பு எண்ணை அவர் தலையில் சூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

படி 9: பெயரை மறைத்து மூன்று பேரிடம் கொடுக்கவும்

தாளிலிருந்து பெயர், ஊர், பிற்காலச் சாதனை எல்லாவற்றையும் நீக்கவும். ‘நியூட்டன்’ என்று தெரிந்தால் சிறுவன் செய்த காற்றாலை பொம்மைக்குக் கூட மன வயது ஏறிவிடும். பெயரை மறைத்தால், கிராந்தம் பள்ளியில் தொடக்கத்தில் வகுப்பின் கடைசி வரிசையில் இருந்த, பொம்மை இயந்திரம் செய்யும் ஒரு பையன்தான் கண்ணில் படுவான். காக்ஸின் மதிப்பீட்டாளர்களுக்குப் பெயர் தெரிந்திருந்தது. அப்படியும் 17 வயது வரைக்கு நியூட்டனுக்குக் கிடைத்தது 130 மட்டுமே.

ஏமாற்றுத் தாள்களையும் கலக்கவும்: அதே காலம், அதே வர்க்கம், புகழ் பெறாதவர்களின் கோப்புகள் இரண்டு மூன்று. அவர்களுக்கும் 140 விழுந்தால், உங்கள் மன வயது அளவுகோல் தாராளமாக இருக்கிறது என்று பொருள்.

மூவரின் எண்களும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை அப்படியே எழுதவும். காக்ஸின் ஆய்வில் ஐந்து பேர் மதிப்பிட்டார்கள். மூவர் ஒத்துப்போனார்கள், ஒருவர் மிக அதிகமாகவும் இன்னொருவர் மிகக் குறைவாகவும் போட்டார்கள். கடைசி இருவரின் எண்கள் கழற்றிவிடப்பட்டன. சராசரி அதனால் பெரிதாக மாறவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரே கோப்பைப் படித்த நிபுணர்களுக்கே எவ்வளவு வேறுபாடு வரும் என்ற, வாசகனுக்கு மிகவும் தேவைப்பட்ட தகவல் அதோடு போய்விட்டது.

கோப்பு மெலிந்தால் எண்ணும் மெலியும்

மைக்கேல் ஃபாரடேவின் இரண்டு எண்களைப் பாருங்கள்: 17 வயது வரை 105, அதன்பின் 150. ஒரு மனிதனின் மூளை பத்து ஆண்டுகளில் 45 புள்ளி வளர்வதில்லை. வளர்ந்தது காகிதம். கொல்லன் மகன், 1805இல் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்த பையன். அவன் சிறுவயதில் என்ன படித்தான் என்று குறித்துவைக்க வீட்டில் யாரும் இல்லை. 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தான் பழகிய தொழிலாலேயே அழகாகக் கட்டி அவருக்கு அனுப்பினான். அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் கோப்பு தடிக்கிறது. மில்லுக்கு நேர்மாறு: 190லிருந்து 170க்கு இறங்கினார். 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்; அப்பாவின் மேசை போல அலுவலக மேசை கோப்பை நிரப்பவில்லை. கோபர்னிக்கஸ் 105, செர்வான்டெஸ் 105. இவை ‘சராசரிக்குச் சற்று மேல்’ என்ற தீர்ப்பு அல்ல, ‘தாள் காலி’ என்ற அறிவிப்பு.

இராமானுஜன் காக்ஸின் பட்டியலுக்குள் வர வழியே இல்லை, பிறந்தது 1887. இணையத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 185 என்று ஓர் எண் ஒட்டியிருக்கிறது. காக்ஸின் முறையை அவருக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. 17 வயது வரை: 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம், கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசு. பள்ளிப் பதிவு, எடை 0.7. நல்ல எண் வரும். 17 முதல் 26 வரை: கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகை போனது, பிறகு எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வில் தோல்வி, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. நோட்டுப்புத்தகங்களும், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குப் போன கடிதமும் தொலைந்துபோயிருந்தால் மூன்று மதிப்பீட்டாளர்களும் இந்தக் கோப்புக்கு 105ஐத் தாண்டியிருக்க மாட்டார்கள். அவை இருப்பதால் கணிதத்துக்கு மன வயதே போட முடியாத உயரம், ஆங்கிலக் கட்டுரைக்கு அதில் பாதி கூட இல்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் வரும் எண், அவரைப் பற்றி எதையும் சொல்லாது. ஒரு துறையில் மட்டும் செங்குத்தாக ஏறும் ஆட்களுக்கு, துறைவாரியாகத் தனித்தனி வரி எழுதிவிட்டு மொத்த எண்ணை விட்டுவிடுவதே சரி.

ஒதுக்க வேண்டிய குறுக்குவழிகள்

புகழிலிருந்து எண்ணுக்குப் போவது முதலாவது. ‘இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு, அதனால் குறைந்தது 180’ என்பது வட்டக் கணக்கு. காக்ஸின் ஆய்விலேயே புகழின் தரவரிசைக்கும் ஐ.க்யூ.வுக்கும் இருந்த தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.25, கோப்பின் தரத்தைக் கழித்துவிட்டால் 0.16. ரிச்சர்ட் ஃபைன்மனுக்குப் பள்ளியில் வந்த எண் 125 என்பார்கள். டெர்மன் 1921இல் கலிஃபோர்னியாவில் அறிவுக்கூர்மை மிக்க பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தபோது, சோதனையில் எல்லையைத் தொடாமல் வெளியே நின்ற இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். பின்னாளில் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. தேர்வான ஆயிரத்து ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

மூளை எடை: எழுத்தாளர் துர்கேனெவின் மூளை 2,000 கிராமுக்கு மேல், அனடோல் பிரான்ஸின் மூளை சுமார் 1,000. இருவரில் யார் பெரிய எழுத்தாளர் என்று தராசு சொல்லாது.

ஃபிளின் விளைவைப் பின்னோக்கி நீட்டுவது: அமெரிக்காவில் 1932 முதல் 1978 வரை சராசரி மதிப்பெண் 13.8 புள்ளி உயர்ந்ததை ஜேம்ஸ் ஃபிளின் காட்டினார். அதே வேகத்தில் 1650க்குப் போனால் நியூட்டன் காலத்துச் சராசரி மனிதனின் ஐ.க்யூ. பூஜ்யத்தைத் தொட்டுவிடும். அது அபத்தம் என்பதே, அந்த உயர்வு பள்ளிப்படிப்பும் சோதனைப் பழக்கமும் பரவிய காலத்துக்கே உரியது என்பதைக் காட்டுகிறது. மேதையை அவர் காலத்துச் சகாக்களோடு மட்டும் ஒப்பிடவும்.

ஊர் பேர் இல்லாத பட்டியல்கள்: 2001இல் ‘லோவன்ஸ்டீன் நிறுவனம்’ கணித்தது என்று அமெரிக்க அதிபர்களின் ஐ.க்யூ. பட்டியல் ஒன்று உலகம் சுற்றியது. சில செய்தித்தாள்களும் நம்பின. அப்படி ஒரு நிறுவனமே இல்லை.

முடிவை எழுதும் விதம்

ஒற்றை எண்ணாக எழுத வேண்டாம். கால்டனுக்கு இப்படி: ‘விகித அளவு, 60 மாத வயதில், ஒரே ஆவணம், எடை 1.0, திருத்தாதது 153, 100ஐ நோக்கித் திருத்தினால் 137, எல்லை 121–153, 135ஐ நோக்கித் திருத்தினால் 148, லத்தீனும் பிரெஞ்சும் சேர்க்கப்படவில்லை, கற்பித்தவர் அக்கா.’ நீளம்தான். ஆனால் நாளை வேறொருவர் கடிகாரத்துக்கு 84க்குப் பதில் 78 போட நினைத்தால் எந்த இடத்தில் மாற்றுவது என்று அவருக்குத் தெரியும்.

நம்பகத்தன்மை 0.3க்குக் கீழே போனால் எண்ணே எழுத வேண்டாம். ஷேக்ஸ்பியரைக் காக்ஸ் பட்டியலிலிருந்து விட்டது இந்தக் காரணத்தால்தான். 26 வயது வரை அவருக்குக் கோப்பில் உள்ளவை: 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானப் பதிவு, 1582 நவம்பர் திருமண அனுமதி, 1583இல் மகளின் ஞானஸ்நானம், 1585இல் இரட்டையர்களின் ஞானஸ்நானம், குடும்ப வழக்கு ஒன்றில் பெயர். பள்ளிப் பதிவேடு இல்லை, ஒரு கடிதம் இல்லை. மன வயது கட்டத்தில் கோடு போட்டு, ‘ஆதாரம் போதாது’ என்று எழுதித் தாளை மூடிவிடலாம்.